வெள்ளாளன்விளையிலிருந்து டோர்ணக்கல்லுக்கு: பேராயர் அசரியாவின் அழைப்பு

செகந்திராபாத்திலிருந்து வாரங்கல் வழியாகச் சென்னைக்குப் போகும் ரயிலில் நம் சங்கத்து அன்பர்கள் எத்தனையோ முறை போய் வந்திருப்பார்கள். மகபூபாபாத் தாண்டி, கம்மம் வருவதற்கு முன்னால், டோர்ணக்கல் என்று ஒரு சந்திப்பு வரும். கொத்தகூடம் பக்கத்து நிலக்கரி வயல்களுக்குப் போகிற கிளைப்பாதை அங்கேதான் பிரிகிறது. பாதி வண்டிகள் நிற்காது. நின்றாலும் டீ வாங்கக்கூட நேரம் இருக்காது. நானும் பல வருஷம் அந்தப் பெயர்ப்பலகையை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பேப்பரைப் புரட்டிக்கொண்டு போனவன்தான்.

ஆனால் திருநெல்வேலிச் சீமையில் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் போய் டோர்ணக்கல் என்று சொல்லிப் பாருங்கள். வயதான அம்மாமார்களுக்குச் சட்டென்று தெரியும். எங்கோ தெலுங்கு தேசத்தில் இருக்கும் ஒரு சின்ன ரயில் நிலையத்தின் பெயர் தாமிரபரணிக்குத் தெற்கே தேரிக்காட்டு ஊர்களில் வீட்டுப் பெயர்போலப் புழங்குவதற்குக் காரணம் ஒரு மனிதர். வேதநாயகம் சாமுவேல் அசரியா. இந்தியர்களில் முதன்முதலாக ஆங்கிலிக்கன் சபையின் பேராயர் ஆனவர். நம்மைப்போலவே சொந்த ஊரை விட்டுத் தெலுங்கு மண்ணுக்கு வந்து குடியேறிய தமிழர். நாமெல்லாம் பிழைப்புக்காக வந்தோம், அவர் வந்தது வேறு காரணத்துக்காக. அந்தக் காரணம் அவருக்குள் எப்படி உருவாயிற்று என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். மதப் பிரசாரம் என் நோக்கமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அசரியா பிறந்தது 1874 ஆகஸ்ட் 17-ஆம் தேதி, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் வெள்ளாளன்விளையில். பெயர்தான் வெள்ளாளன்விளை, இவர் பிறந்ததோ நாடார் குடும்பத்தில். அப்பா பெயர் தாமஸ் வேதநாயகம், அந்த ஊர்ச் சபையின் குருவானவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேலாயுதம். சைவக் குடும்பத்துப் பிள்ளை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கப்போன இடத்தில் 1839-இல் ஞானஸ்நானம் பெற்று வேலாயுதம் வேதநாயகம் ஆனார். அம்மா எல்லன். கல்யாணமாகி நெடுங்காலம் காத்திருந்து பிறந்த பிள்ளை என்பதால், வேதாகமத்தில் அன்னாள் வேண்டிப் பெற்ற பிள்ளையின் பெயரையே, சாமுவேல் என்று வைத்தார்கள். ஆண்டவருக்கென்று கேட்டு வாங்கிய பிள்ளை என்ற எண்ணம் அந்த வீட்டில் எப்போதும் இருந்தது.

இப்படிப் பிறந்தவர் நேராகக் குருவானவர் ஆகியிருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி நடக்கவில்லை. 1889-இல் அப்பா காலமானார். தாயின் கண்டிப்பான வளர்ப்பில் மெஞ்ஞானபுரம், திருநெல்வேலி என்று மிஷன் பள்ளிகளில் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார் பையன். பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டு வெளியே வந்தார். (பட்டம் பெறாத இவருக்கு 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.) 1895-இல் ஒய்.எம்.சி.ஏ.-இல் செயலாளராகச் சேர்ந்தார். அதாவது, பிரசங்கம் செய்யும் வேலைதான், ஆனால் குருப்பட்டம் இல்லை. தென்னிந்தியா முழுக்க ஊர் ஊராகப் போய் இளைஞர்களிடம் பேசுவது, வேதபாட வகுப்பு நடத்துவது, கிளைகள் தொடங்குவது. பதினான்கு வருஷம் இப்படியே ஓடியது. 1898-இல் அன்பு மாரியம்மாள் சாமுவேல் என்பவரை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படி ஏறிய முதல் சிலரில் ஒருவர் அந்த அம்மாள்.

இந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்த ஒரு சிநேகிதத்தைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவிலிருந்து 1896-இல் இங்கே வந்த ஷெர்வுட் எட்டி. ஏறத்தாழ ஒரே வயது. எட்டி தமிழ் படித்தார். இரண்டு பேரும் சேர்ந்து பயணம் போனார்கள், ஒன்றாகத் தங்கினார்கள், சாப்பிட்டார்கள், சேர்ந்து ஜெபித்தார்கள். வெள்ளைக்கார மிஷனெரி நாற்காலியில் உட்கார்ந்திருக்க இந்திய ஊழியர் நின்றுகொண்டே பேசும் வழக்கம் சாதாரணமாக இருந்த காலம் அது. இந்தப் பழக்கம் இல்லாத ஒரு வெள்ளைக்காரரும் இருக்க முடியும் என்று அசரியாவுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. பிற்பாடு எடின்பரோவில் அவர் பேசிய பேச்சுக்கு இந்தச் சிநேகிதமே வேர் என்று எனக்குப் படுகிறது.

அவருடைய அழைப்பின் கதை உண்மையில் யாழ்ப்பாணத்தில் ஆரம்பிக்கிறது. 1902-இல் அங்கே போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள், அளவில் சின்னக் கூட்டம், தங்கள் காசைப் போட்டுத் தங்களில் ஒருவரைக் கடல் தாண்டித் தொண்டிப் பக்கம் ஊழியத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இதைப் பார்த்த திருநெல்வேலிக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்! திருநெல்வேலி என்றால் அன்றைக்குத் தென்னிந்தியப் புராட்டஸ்டண்ட் சபைகளிலேயே பெரிய கோட்டை. ரேனியஸ், கால்டுவெல் என்று பெரிய பெரிய ஆட்கள் உழைத்த பூமி. ஊருக்கு ஊர் கோயில், பள்ளிக்கூடம், உபதேசியார். இத்தனை இருந்தும் இங்கிருந்து வேற்று மொழி பேசும் ஊருக்கு ஒருவரை அனுப்பியதுண்டா? முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறோமே, கொடுத்தோமா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

ஊர் திரும்பினார். 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஆளும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியர் கையில் என்பது ஏற்பாடு. வெளிநாட்டுக் காசு வேண்டாம் என்று அந்தக் காலத்தில் சொல்வது லேசான காரியமில்லை. பனையேறிகளும் சிறு வியாபாரிகளும் நிறைந்த சபைகள் அவை. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை போன்ற வழிகளில்தான் அந்தச் சபைகளில் காசு சேர்ந்தது. தேர்ந்தெடுத்த களம், நிஜாம் ராஜ்யத்தில் மானுகோட்டா வட்டாரம். இன்றைய மகபூபாபாத்தின் பழைய பெயர்தான் மானுகோட்டா, நம்மில் தெலுங்கு தெரிந்தவர்கள் அறிவார்கள். 1904-இல் சாமுவேல் பாக்கியநாதன் அங்கே போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, 1905 டிசம்பர் 25-இல், வங்காளத்தில் செராம்பூரில் வில்லியம் கேரி பெயரோடு சேர்ந்த நூலகத்தில் தேசிய மிஷனெரி சங்கம் தோன்றியபோது அதிலும் அசரியா முன்னணியில் நின்றார். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த வருஷம் அது. சபைக்குள்ளும் அந்தக் காற்று வீசத்தானே செய்யும்?

இப்போது ஆளைக் கவனியுங்கள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நல்ல பேச்சாளர். 1907-இல் டோக்கியோவில் உலக மாணவர் கிறிஸ்தவ மாநாட்டுக்குப் போய் வந்தவர். இரண்டு சங்கங்களுக்கு அச்சாணி. போகிற இடமெல்லாம், மானுகோட்டாவுக்கு ஆள் வேண்டும், யார் வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். காய்ச்சல், காடு, தெரியாத மொழி, சொற்பச் சம்பளம் என்று தெரிந்த ஊருக்குப் பிறத்தியார் பிள்ளைகளைப் போகச் சொல்கிறோம், நாமோ சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் ரயிலில் போய்ப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறோம். நாமே ஏன் போகக்கூடாது?

அவ்வளவுதான் அழைப்பு. எத்தனையோ ஊழியர்களின் சாட்சிகளில் ஒளி தெரிந்தது, குரல் கேட்டது, கனவு வந்தது என்று படித்திருக்கிறோம். அவற்றைக் குறை சொல்ல நான் யார். ஆனால் இவருடைய விஷயத்தில் தூண்டியது வெட்கம் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்தவரைப் போகச் சொன்ன இடத்துக்குத் தான் போகாமல் இருக்கிற வெட்கம். 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டார், சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் கையால் குருப்பட்டம் பெற்றார். அப்போது வயது முப்பத்தைந்து. குடும்பத்தோடு டோர்ணக்கல் வந்து சேர்ந்தார். அந்த வயதில் தெலுங்கு அட்சரம் எழுதப் பழகினார். நம்மில் எத்தனை பேர் இங்கே முப்பது வருஷம் இருந்தும் கடைப் பலகையைக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் காலம் தள்ளுகிறோம் என்பதை நினைத்துக்கொண்டால், அதன் அருமை தெரியும்.

அடுத்த வருஷமே, 1910 ஜூனில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. 1200 பிரதிநிதிகள் வந்த அவையில் ஆசியாக்காரர்கள் இருபது பேர்கூட இல்லை. அதில் டோர்ணக்கல் மிஷனெரி எழுந்து, வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசினார். நீங்கள் எங்களுக்காக வீடு வாசலை விட்டு வந்தீர்கள், பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையே கொடுத்தீர்கள், நன்றி மறக்க மாட்டோம். ஆனால் எங்களைச் சமமாக உட்கார வைத்துப் பேசுகிறீர்களா, உங்கள் வீட்டில் எங்களுக்கு ஒருவேளைச் சாப்பாடு உண்டா, எங்களுக்கு நட்பையும் கொடுங்கள் என்பதே பேச்சின் சாரம். சிலர் கண்கலங்கினார்கள், சிலருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த மாநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் முதலில் நினைவுகூரும் பேச்சுகளில் அது ஒன்று.

பேசிவிட்டு வருவது ஒன்று, அதே அளவுகோலால் நம்மை அளந்துகொள்வது வேறு. டோர்ணக்கல்லில் அசரியா யார்? வெள்ளைக்காரர் இல்லைதான். ஆனால் அந்த ஊர் மாலா, மாதிகா சனங்களுக்கு அவரும் வெளியூர்க்காரர்தான். படித்தவர், வேறு பாஷைக்காரர், வேறு சாதிக்காரர். வெள்ளைக்கார மிஷனெரி திருநெல்வேலிக்காரருக்கு மேலே நின்றதுபோலத் திருநெல்வேலிக்காரர் தெலுங்கருக்கு மேலே நின்றுவிட ரொம்ப நேரம் ஆகாது. இந்த ஆபத்தை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் செய்த காரியங்களே அத்தாட்சி. தமிழ் ஊழியர்களை அழைத்து வந்து நிரப்பிவிடாமல், உள்ளூர் தெலுங்கு ஆட்களையே உபதேசியாராகவும் குருவானவராகவும் பழக்கினார். ஊர்த் திருவிழா, கூத்து, தெலுங்குக் கீர்த்தனை எல்லாம் வழிபாட்டுக்குள் வந்தன. மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார். அம்மா அன்பு மாரியம்மாள் பெண்களிடையே வேலை செய்தார். மாலாவும் மாதிகாவும் ஒருவரோடொருவர் உட்கார்ந்து சாப்பிடாத காலத்தில், நற்கருணைக்கு ஒரே பாத்திரம்தான் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. 1899 சிவகாசிக் கலவரம் நடந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. கோயிலுக்குள் நுழையக்கூடாது என்று தன் சாதியாரைத் தடுத்த காலத்தில் வளர்ந்தவருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் தாங்களே கை வைத்துக்கொள்ளச் சொல்வார். நற்செய்தியைச் சொல்லாவிட்டால் தங்களுக்குக் கேடு என்று பவுல் எழுதிய வாக்கைத் தெலுங்கில் சொல்ல வைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத கூலியாள், பண்ணையில் வேலை செய்யும் பெண், எல்லாரும். குருப்பட்டத்தின்போது பேராயர் தலையில் கை வைப்பார், தெரியும். இங்கே அவரவர் கையே அவரவர் தலைமேல். அழைப்பு என்பது குருவானவருக்கு மட்டும் வருவது என்ற எண்ணத்தையே அவர் புரட்டிப் போட்டுவிட்டார். காணிக்கை விஷயத்திலும் அதே. ஏழைகள் என்று சலுகை கிடையாது. முட்டை, கோழி, தானியம் எது இருக்கிறதோ அதைக் கொண்டுவா. கொடுக்கத் தெரியாதவன் அடுத்தவன் தயவில்தான் நிற்பான் என்பது பாளையங்கோட்டையில் சங்கம் தொடங்கிய நாளிலிருந்தே அவர் கொள்கை. கிறிஸ்தவர் கொடுத்தலைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

1912 டிசம்பர் 29-ஆம் தேதி, கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். வயது முப்பத்தெட்டு. அதற்கு முன்னால் நடந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஓர் இந்தியருக்குக் கீழே ஆங்கிலேயர் எப்படி வேலை செய்வார் என்று மிஷனெரிகள் பலரே கேட்டார்கள். ஒயிட்ஹெட் பிடிவாதமாக நின்றார். அவர் மனைவி இசபெலும் இந்த விஷயத்தில் அசரியாவுக்காகப் பாடுபட்டவர். காலம் போட்ட கணக்கைப் பாருங்கள், 1935-இல் எலியட் என்ற ஆங்கிலேயரே அசரியாவுக்கு உதவிப் பேராயராக அமர்ந்தார். ஆனால் மறுபக்கமும் உண்டு. 1945-இல் அசரியா சாகும்வரை, ஒரு திருமண்டலத்தை ஆண்ட ஆங்கிலிக்கன் பேராயர்களில் இந்தியர் அவர் ஒருவர்தான். முப்பத்திரண்டு வருஷம்! ஒருவரை ஏற்றி வைத்துவிட்டு ஏணியை எடுத்துவிட்டார்களோ என்று சந்தேகம் வரத்தான் செய்கிறது.

கிறிஸ்தவ சபைகள் பிரிந்து பிரிந்து கிடப்பது அவருக்குச் சகிக்கவில்லை. லண்டனில் நடந்த சண்டைக்கு நிஜாம் ராஜ்யத்துக் குடியானவன் ஏன் தனித்தனிக் கோயிலில் நிற்க வேண்டும்? 1919 மே மாதம் தரங்கம்பாடியில், 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய அதே கடற்கரையூரில், முப்பத்து மூன்று பேர் கூடி ஐக்கியத்துக்கான அறிக்கையை வெளியிட்டார்கள். இரண்டு பேர் தவிர எல்லாரும் இந்தியர்கள். அசரியா அதில் முக்கியப் புள்ளி. எட்டியும் இருந்தார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல்தான் பிறந்தது. அதைப் பார்க்க அசரியா இல்லை.

காந்தியடிகளோடு அவருக்கு ஏற்பட்ட கருத்து மோதலை மூடி மறைக்க வேண்டியதில்லை. 1935 அக்டோபரில் இயோலாவில் அம்பேத்கர் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்த பிறகு, மதமாற்றம் நாடு முழுக்கச் சூடான விவகாரமாயிற்று. ஆந்திரத்தில் ஊர் ஊராக நடந்த ஞானஸ்நானங்களைக் காந்தி 'ஹரிஜன்' இதழில் கடுமையாகக் கேள்வி கேட்டார். படிப்பறிவில்லாத ஏழைகளுக்கு மத வித்தியாசம் என்ன தெரியும் என்பது அவர் வாதம். அந்த ஏழைகளோடு இருபத்தைந்து வருஷம் வாழ்ந்த அசரியாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. அவர்களுக்கும் ஆத்மா உண்டு, தீர்மானிக்கும் உரிமையும் உண்டு என்றார். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆசை காட்டி மாற்றுவது கூடாது என்று காந்தி அஞ்சியது பொய்யான அச்சமில்லை. ஆனால் சேரிக்காரனுக்கு எது நல்லது என்று சேரிக்கு வெளியே நிற்பவர்கள் தீர்மானிப்பதும் சரியில்லையே. அசரியாவைத் தேசத்துரோகி போலப் பேசியவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, வேண்டாம் என்று எதிர்த்தவர் அவர். மதத்தை ஓட்டுக் கணக்காக்குவது சபைக்கும் கேடு, நாட்டுக்கும் கேடு என்பது அவர் எண்ணம்.

1940-களின் தொடக்கத்தில் டோர்ணக்கல் திருமண்டலத்துச் சபை மக்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். கால் நூற்றாண்டு பாடுபட்டு எழுப்பிய பேராலயம் 1939 ஜனவரி 6-ஆம் தேதி பிரதிஷ்டை ஆயிற்று. போன வருஷம் ஒரு நாள் வேண்டுமென்றே இறங்கிப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் மசூதியோ என்று தோன்றும், அப்படிக் கும்மட்டங்களும் ஸ்தூபிகளும். உள்ளே போனால் நம்மூர்க் கோயில் மண்டபத்தில் நிற்கிற மாதிரி கல் தூண்கள். நிஜாம் ராஜ்யத்தில் திருநெல்வேலிக்காரர் கட்டிய ஆங்கிலிக்கன் கோயில் வேறு எப்படி இருக்கும்?

1945 ஜனவரி முதல் தேதி டோர்ணக்கல்லிலேயே காலமானார், அந்த மண்ணிலேயே அடக்கமும் ஆயிற்று. பேராலயத்து வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவரிடம் என் அரைகுறைத் தெலுங்கில், அசரியா எங்கள் தமிழ்நாட்டுக்காரர் தெரியுமோ என்று கொஞ்சம் பெருமையாகவே கேட்டேன். அவர் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆயன மா ஆயனே கதண்டி," என்றார். அவர் எங்கள் ஆள்தானே ஐயா என்று அர்த்தம். வண்டிக்கு நேரமாகிவிட்டதால் நான் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.